கசண்டில் விளைந்த இனிப்பு

மதுரையைச் சூழ்ந்த மேலூர், சோழவந்தான், உசிலம்பட்டிப் பகுதிச் சிற்றூர்களில், கறவை மாடு வளர்ப்போர் பாலில் பெரும்பகுதியைக் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றிவிடுவர். வீட்டுக்கென எஞ்சுவது ஓரிரு ஆழாக்கே. அச்சிறு பாலிலும் ஆடையெடுத்துச் சேமிப்பாள் தாய். அதனை உறையூற்றிக் கடைந்தால் வெண்ணெய் திரளும். முருங்கைக் கீரையிட்டு உருக்குகையில் எழும் சடசடப்பொலி நீர் வற்றியதும் அடங்கும். நீர் நீங்குவதால் நெய் நெடுநாள் கெடாதிருக்கும்.

நெய்யை வடித்தபின் அடியில் தங்குவது கசண்டு. பாலின் புரதமும் சர்க்கரையும் வெப்பத்தில் சிவந்து தந்த மணம் அதில் நிறைந்திருக்கும். அதனை எறிய அவள் மனம் ஒப்பாது. கீரை நீக்கிய கசண்டோடு சிறிது நெய்யும் மாவும் பொடித்த சர்க்கரையும் பிசைந்து வட்டமாகத் தட்டுவாள். மணல் பரப்பிய கனத்த பாத்திரத்துள் தட்டை வைத்து மூடி, இளந்தீயில் சுடுவாள். மாவுத் துகள்களைக் கொழுப்புப் போர்த்துவதால் பசைத்தன்மை மிகாது. பிஸ்கட் வாயில் பொலபொலவென உதிரும்.

நெய் விற்ற ஆய்மகள், விலையாகப் பொன்னை விரும்பாது எருமையையும் பசுவையும் பெற்றதைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. கறவையே செல்வம் என்பதை அவள் அறிந்திருந்தாள். இன்று விற்ற பாலின் அளவு சங்கத்து அட்டையில் பதிவாகிறது. ஆடையில் சேர்ந்த உழைப்போ எக்கணக்கிலும் ஏறாமல், பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளின் கைகளில் இனிப்பாகச் சேர்கிறது.