மணிக்கு நான் சொன்ன வைத்தியம்

எங்க ஊர் வடுகபட்டி. பெரியகுளம் பக்கம். பஸ்ல தூங்கிட்டு வந்தாக்கூட, ஊர் வந்துடுச்சுன்னு மூக்கு எழுப்பிவிட்டுடும். அப்படி ஒரு பூண்டு வாசம்! 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு விற்பனைக்கு வந்து இறங்குறது எங்க சந்தையிலதான். சளியோ, வாயுவோ... எங்க வீட்ல எல்லாத்துக்கும் பூண்டுதான் மருந்து.

அந்தத் தைரியத்துலதான் அந்தத் தப்பைப் பண்ணினேன். கால்நடை மருத்துவம் முதல் வருஷம். லீவுக்கு வந்தா, எங்க நாய் மணிக்கு உடம்பெல்லாம் உண்ணி. 'பூண்டை அரைச்சு சோத்துல போடும்மா, ஓடிடும்'னு பெரிய டாக்டர் மாதிரி சொல்லிட்டு ஹாஸ்டலுக்குப் போயிட்டேன். அம்மாவும் தினம் ஒரு கை பூண்டு போட்டிருக்காங்க. பத்தே நாள்ல போன். ''மணி எந்திரிக்கவே மாட்டேங்குது தம்பி!''

காலேஜ் கிளினிக்குக் கொண்டுவந்தோம். ஈறெல்லாம் வெளுத்துக் கிடந்தது. ரத்த ரிப்போர்ட்டில் பி.சி.வி. 17. அதாவது, 100 பங்கு ரத்தத்தில் சிவப்பணு 17 பங்குதான். நாய்க்கு 37 முதல் 55 வரை இருக்கணும்.

''உண்ணிக் காய்ச்சல் சார்! எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்துடலாமா?'' - முந்திரிக்கொட்டையாகக் கேட்டேன். ''மொதல்ல ரிப்போர்ட்டை முழுசாப் படிப்பா'' என்றார் சார்.

அவர் சொன்னதை நீங்களும் கேட்டுக்கங்க. சிவப்பணு குறைஞ்சா மூணே கேள்விதான். ரத்தம் வெளியே போச்சா? உள்ளேயே உடையுதா? உற்பத்தியே நின்னுபோச்சா? சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் எல்லாத்துக்கும் ஃபேக்டரி எலும்பு மஜ்ஜை. மூணும் சேர்ந்து குறைஞ்சு, புது அணுக்களும் வரலேன்னா ஃபேக்டரியிலேயே கோளாறு. உண்ணி பரப்புற எர்லிக்கியா கிருமி முத்திப்போனா அப்படி ஆகலாம். அப்பதான் இடுப்பெலும்புல ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்க்கணும்.

மணிக்கு வெள்ளையணு, பிளேட்லெட் ரெண்டும் குறையலை. ரெட்டிகுலோசைட் என்கிற இளம் சிவப்பணுக்கள் ஏகத்துக்கும் இருந்தன. ஃபேக்டரி ஓவர்டைம் பார்க்குது! ரத்தக்கசிவும் எங்கேயும் இல்லை. அப்படின்னா, அணுக்கள் உள்ளேயே உடையுது. நியூ மெத்திலீன் புளூ சாயம் போட்டு ஸ்லைடைப் பார்த்தா, சிவப்பணுக்களின் ஓரத்தில் குட்டிக்குட்டிப் புள்ளிகள். ஹெய்ன்ஸ் பாடி!

''இதுக்கு என்ன சாப்பிடக் கொடுத்தீங்க?''

அம்மா என்னைப் பார்த்தாங்க. நான் தரையைப் பார்த்தேன்.

நமக்கு மருந்தான பூண்டு, மணிக்கு விஷம். பூண்டு, வெங்காயத்தில் இருக்கிற கந்தகப் பொருட்கள் நாயோட சிவப்பணுவை உடைச்சிடும். பூனைக்கு இன்னும் மோசம். வேகவெச்சாலும் வீரியம் போகாது.

நல்லவேளை, ஃபேக்டரி ஓடிட்டு இருந்துச்சு. பூண்டை நிறுத்தி, கிளினிக்கில் வெச்சுப் பார்த்துக்கிட்டாங்க. மூணே வாரத்தில் பி.சி.வி. 38. வாலாட்டிக்கிட்டே வீட்டுக்கு வந்துடுச்சு மணி. அம்மா மட்டும், ''நீ சொன்னேன்னுதானப்பா போட்டேன்'' என்றார்கள். எந்தப் பரீட்சையில் ஃபெயிலானாலும் அப்படி வலிச்சிருக்காது.

இப்போ நான் கடைசி வருஷம். ரிப்போர்ட்டில் ஒரே ஒரு நம்பரைப் பார்த்துட்டு வாயைத் திறக்கிறதில்லை. முதல்ல, ''என்ன சாப்பிட்டுச்சு?''ன்னு கேட்பேன்.

உங்க வீட்டு நாய்க்கு மிச்ச சாம்பார் சோறு வைக்கிறீங்களா? பூண்டும் வெங்காயமும் கிடக்குதான்னு தட்டைப் பாருங்க பாஸ்!