தொழுவத்திற்கும் ஒரு நாட்காட்டி

புத்தாண்டு பிறந்ததும் திருவிழா நாட்களையும் திருமண நாட்களையும் நாட்காட்டியில் குறித்து வைப்பது நம் குடும்பங்களின் நல்வழக்கம். எங்கள் இல்லத்து நாட்காட்டியில் தொழுவத்து நாட்களும் இடம்பெறுகின்றன. இரு கறவைகள், ஒரு கிடாரிக் கன்று, ஒரு காளை. இவையே எங்கள் செல்வம். பிள்ளைகளின் படிப்புச் செலவும் இவற்றின் பாலிலிருந்தே வருகிறது.

புதுக்கோட்டைச் சீமையில் மழையையும் சல்லிக்கட்டையும் எண்ணியே தடுப்பூசி நாளைக் குறிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். தொண்டை அடைப்பானும் சப்பை நோயும் தலைதூக்கும் காலம் அது. ஆகவே அவற்றிற்கான ஊசிகளை மழைக்கு முன்பே போட்டுவிடுகிறோம். அதற்கு இரண்டு வாரம் முன்னதாகக் குடற்புழு நீக்க மருந்தும் கொடுக்கிறோம்.

அடுத்தது சல்லிக்கட்டுக் காலம். தச்சங்குறிச்சி விண்ணேற்பு அன்னை ஆலய விழாவையொட்டி நடைபெறும் சல்லிக்கட்டே பல ஆண்டுகளில் தமிழகத்தின் முதல் சல்லிக்கட்டாக அமைந்துள்ளது. அயல் மாவட்டக் காளைகளும் அங்கே வந்து கூடுகின்றன. ஒன்றன் வாய்நீர் மற்றொன்றின் மேல் பட்டாலே கோமாரி தொற்றிவிடும். ஊசி போட்ட அன்றே காப்பு பிறப்பதில்லை. உடல் எதிர்ப்பாற்றலைத் திரட்ட இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். எனவே காளைக்கான ஊசியை டிசம்பர் தொடக்கத்திற்குள் முடித்துக்கொள்வது நன்று.

2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி கோமாரி ஊசி ஆறு மாதத்திற்கு ஒருமுறை இலவசமாகப் போடப்படுகிறது. கன்றுக்கு நான்காம் மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து மறு ஊசி. கிடாரிக் கன்றுகளுக்கு நான்கு முதல் எட்டு மாதத்திற்குள் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசி, வாழ்நாளில் ஒரே முறை. காய்ச்சாத பாலின் வழியாக அந்நோய் மனிதரையும் பற்றும் என்பதால், அது நம் குழந்தைகளுக்கும் காப்பாகும்.

ஆயினும் முகாம் நாளில் மாட்டை மறைப்போரும் உண்டு. "ஊசி போட்டால் பால் வற்றிவிடும்" என்பது அவர்களது அச்சம். இரண்டொரு நாள் பால் குறையலாம் என்பது உண்மையே. அது தானே சீராகிவிடும். 2013-இல் காவிரிப் படுகை மாவட்டங்களில் கோமாரி பரவியபோது மாடுகளையே இழந்த குடும்பங்களின் துயரத்தோடு இதை ஒப்பிடலாகுமோ? நிறைசினைப் பசு இருந்தால் மருத்துவரிடம் முன்னரே தெரிவித்து, அவர் சொற்படி நடந்தால் போதும்.

நம் முன்னோரின் தொழுவங்களை வெறுமையாக்கிய வெக்கை நோய், 2011-இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஊர் ஊராகச் சென்று மாடுகளுக்கு ஊசி போட்டதன் பயன் அது. ஒரு வீட்டின் நாட்காட்டி மட்டும் ஊரைக் காவாது. அடுத்த முகாம் அறிவிக்கப்பட்டதும் நம் மாட்டோடு அண்டை வீட்டாரின் கன்றையும் அழைத்துச் செல்வோமாக!