மூன்றாவது கம்பி

'கம்பியாள்' என்ற சொல்லை முதன்முதலாகப் பார்த்தபோது, பழைய குத்தகைப் பத்திரம் ஒன்றில் வரும் பதவிப் பெயர்போல இருந்தது. வயர்மேன் என்பதற்கு அரசாங்கம் ஆக்கிக்கொண்ட தமிழ்ச் சொல் அது. தெருவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. எலக்ட்ரீஷியன் என்பார்கள், வயதானவர்களானால் 'கரண்ட்டுக்காரர்' என்பார்கள். தவிரவும் தமிழில் கம்பிக்கு அவ்வளவு நல்ல பெயர் இல்லை. கம்பி நீட்டுகிறவன் கடன்காரன், கம்பி எண்ணுகிறவன் கைதி. ஆனாலும் செய்தித்தாளின் உள்பக்க மூலையில் 'மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு' என்று ஓர் அறிவிப்பு வரும்போது, அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டி வாசித்து, அதுதான் தாம் என்று கண்டுகொள்ளும் மனிதர்கள் இருக்கிறார்கள். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் தேர்வு அது.

அப்படிக் கண்டுகொண்டவர் ஒருவர் அந்தச் செய்தித்தாள் துண்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், பெருங்களத்தூர் வட்டாரத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக மின்வேலை செய்பவர். எங்கள் தெருவில் அவர் கை படாத சுவிட்ச்போர்டு குறைவு. இருபத்தொரு வயது நிரம்பியிருக்க வேண்டும், உச்ச வயது வரம்பு இல்லை, ஐந்தாண்டு செய்முறை அனுபவம் வேண்டும் என்று நான் படித்துச் சொன்னேன். "அஞ்சு வருஷந்தானா?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எழுத்து விஷயத்துலதான் சார் நமக்கு இடிக்கும். நீங்க தமிழ் வாத்தியார், ரெண்டு ஞாயித்துக்கிழமை உக்காந்து சொல்லிக் குடுங்க" என்றார். மின்சாரம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதே அண்ணே என்றேன். "கரண்ட் எனக்குத் தெரியும் சார். தமிழ்தான் தெரியாது."

இத்தனை காலம் இல்லாத அவசரம் இப்போது எதற்கு என்றால், ஓர் அடுக்குமாடிக் கட்டட ஒப்பந்தக்காரர் 'பேப்பர்' கேட்டுவிட்டார். சட்டம் புதியதன்று. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் நாற்பத்தைந்தாம் விதி, ஒரு கட்டடத்தின் மின்னமைப்பு வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்தான், தகுதிச் சான்று உள்ளவரின் நேரடி மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்றது. பல்பு மாற்றலாம், பியூஸ் மாற்றலாம், சுவிட்ச் மாற்றலாம். அமைப்பின் தன்மையை மாற்றும் எதையும் மற்றவர் தொடக்கூடாது. 2010இல் மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகள் அந்த விதிகளின் இடத்துக்கு வந்தன, 2023இல் அவையும் புதுப்பிக்கப்பட்டன, சாரம் மாறவில்லை. கிண்டி தொழிற்பேட்டையில் இருக்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம் ஒருபுறம். அங்கிருந்து சில ரயில் நிலையங்கள் தள்ளி, எந்தக் காகிதமும் இல்லாமல் இவர் வயரிங் செய்து கொடுத்த நூற்றுக்கணக்கான வீடுகள் மறுபுறம். ஏமாற்று வேலை என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தென்சென்னைப் புறநகர் முழுவதும் இவ்விதமாகத்தான் கட்டப்பட்டது.

இரண்டு ஞாயிறு என்றது ஒன்பது ஞாயிறு ஆயிற்று. கிண்டியிலுள்ள தேசிய பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம் ஐ.டி.ஐ. மாணவர்களுக்காகத் தமிழில் வெளியிடும் எலக்ட்ரீஷியன் பாடநூல் ஒன்றைப் பழைய புத்தகக் கடையிலிருந்து வாங்கி வந்திருந்தார். நான் வாசிப்பேன், அவர் கையால் பதில் சொல்வார். கையால் என்றால் உண்மையிலேயே கையால்தான். மாடிப்படி விளக்கின் இணைப்பைச் சொல்லுங்கள் என்றால், இரண்டு விரல்களை இருவழி சுவிட்சுகளாக்கி, நடுவே மேசைமேல் கோடு இழுத்துக் காட்டுவார். வயரிங் முறைகள் பற்றிய பாடத்தில் கிளீட், மரச்சட்டமும் மூடியும், தேக்குப் பட்டி, குழாய் என்று வரிசை வந்தபோது அவர் முகம் மலர்ந்தது. கையாளாகச் சேர்ந்த புதிதில், மேற்குத் தாம்பரத்து ஓட்டு வீடுகளில் மரச்சட்டத்தைப் பெயர்த்துப் போட்டு பிவிசி குழாய் பதிக்கிற வேலைதான் அவருக்கு. புத்தகம் வரலாறாகச் சொல்வது அவருக்குத் தோள்வலி.

ஒரு விளக்குச் சுற்றில் எத்தனை முனைகள் இருக்கலாம் என்று கேட்டேன். விளக்கு, விசிறி, சிறு பிளக் எல்லாம் சேர்த்துப் பத்துக்கு மிகாமல், மொத்தச் சுமை 800 வாட்டுக்கு மிகாமல் என்பது புத்தகத்து விடை. "எட்டு போடுவேன், மனசு கேட்டா ஒம்போது" என்றார். கம்பியின் பருமனைப் புத்தகம் சதுர மில்லிமீட்டரில் கேட்கும். அவர் 'மூணு இருபது', 'ஏழு இருபது' என்பார். இருபதாம் கேஜ் இழை மூன்று, இருபதாம் கேஜ் இழை ஏழு என்று பொருள். ஆங்கிலேயர் காலத்துக் கணக்கு. கடைக்காரருக்கும் அதுதான் புரிகிறது. இந்த இரண்டு மொழிகளுக்கும் நடுவில் நான் துபாஷியாக உட்கார்ந்திருந்தேன். நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி என்று தரம் பிரித்து இல்லிக்குடம் வரைக்கும் இறங்குகிற இடம் இருக்கிறது. வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துவது. கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொல்லும் கிளிக்கு அங்கே இடைத்தரம். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடு என்கிற நம் தேர்வுகள் கிளியை அன்னத்துக்கு மேலே உட்காரவைத்துவிடுகின்றன என்பது என் நெடுநாள் மனக்குறை. இவரோ உழுகிற அளவுக்குப் பலன் தரும் மண்.

மண் என்றதும் எர்த்துக்கு வர வேண்டியிருக்கிறது. புவியிணைப்பு, நிலத்தொடர்பு என்று நூலுக்கு நூல் ஒரு சொல். பச்சைக் கம்பி என்றால் எல்லாருக்கும் புரியும். அது எதற்கு என்று கேட்டதற்கு, "இருந்தா ஷாக் அடிக்காது" என்றார். ஏன் அடிக்காது? "கரண்ட் மண்ணுக்குள்ள போயிடும்." போய்? அவரிடம் பதில் இல்லை, எனக்கும் தெரியாது. அன்றிரவு நான் அந்த அதிகாரத்தை மூன்று முறை படித்தேன். வேற்றுமைப் புணர்ச்சியைவிடக் கடினமாக இல்லை.

அடுத்த வாரம் அவரே ஓர் உதாரணத்தோடு வந்தார். "ரயிலுக்கு மேல ஒத்தக் கம்பிதானே சார் ஓடுது, ரெண்டாவது கம்பி எங்க?" 1931 மே மாதம் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியது. அன்று முதல் இந்த ஊர்க்காரர்கள் தலைக்கு மேலே அந்த ஒற்றைக் கம்பியைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். திரும்பும் வழி தண்டவாளம். கிளம்பிய இடத்துக்கே திரும்புவதுதான் மின்சாரத்தின் இயல்பு. வெறுமனே மண்ணுக்குள் போய் மறைந்துவிடுவதில்லை. குளிர்பதனப் பெட்டியின் உள்ளே காப்பு கிழிந்து பேஸ் கம்பி இரும்பு உடலைத் தொட்டுவிட்டால், பச்சைக் கம்பி வழியே, குழி வழியே, மண் வழியே, தெருமுனை டிரான்ஸ்பார்மரின் எர்த்துக்கு அது திரும்ப வேண்டும். அந்த ஓட்டம் பெரிதாக இருந்தால்தான் பியூஸ் போகும். பெரிதாக இல்லாவிட்டால்?

இங்கேதான் கணக்கு போட்டுப் பார்த்தோம். வீட்டு அழுத்தம் 230 வோல்ட். திரும்பும் பாதை முழுவதற்குமாக மண்ணின் தடை 20 ஓம் என்று வையுங்கள். வகுத்தால் பதினொன்றரை ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி அதைச் சாதாரணச் சுமை என்று எண்ணிப் பேசாமல் இருக்கும். எர்த் இருக்கிறது, பச்சைக் கம்பி இருக்கிறது, எல்லாம் விதிப்படி இருக்கிறது. ஆனால் பெட்டியின் உடல் உயிரோடு நிற்கிறது. அவர் அந்த விடையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் பக்கத்து மண்ணோ ஒரே மண் அன்று. பல்லாவரம், திரிசூலம் குன்றுகள் சார்னக்கைட் என்னும் கரும்பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னக்கின் கல்லறையில் இருப்பது இந்த இனக் கல், அதனால் வந்த பெயர். அந்தப் பாறைமேல் கட்டிய வீட்டில் எவ்வளவு கரியும் உப்பும் போட்டு எர்த் குழி எடுத்தாலும் தடை எளிதில் இறங்காது. பள்ளிக்கரணைச் சதுப்பு ஓரத்தில் ஈரம் மிகுதி, தடை குறைவு. ஆனால் குழாய் துருப்பிடித்துவிடும். இரண்டரை மீட்டர் இரும்புக் குழாய், கரி ஓர் அடுக்கு, உப்பு ஓர் அடுக்கு என்று புத்தகம் ஒரே மூச்சில் சொல்லிச் செல்வதை இவர் இடம் பார்த்து மாற்றிச் செய்துவந்திருக்கிறார். கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி வீட்டுக்காரர்களிடம் சண்டையும் போட்டிருக்கிறார். ஏன் என்பதுதான் இப்போது தெரிந்தது. கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டாலே, 300 மில்லி வினாடிக்குள் இணைப்பை அறுத்துவிடும் ஆர்சிசிபி எதற்காக வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்து தெரிந்தது. போவதும் வருவதும் சமமா என்று மட்டுமே அது பார்க்கிறது. குறைந்தால், எங்கோ ஒரு மனிதர் வழியாகப் போகிறது என்று எடுத்துக்கொள்கிறது. மண்ணின் குணத்தை நம்பி அது இருப்பதில்லை.

மூன்று முள் பிளக்கில் எர்த் முள் மட்டும் ஏன் நீளம் என்ற கேள்வி அடுத்து வந்தது. செருகும்போது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும். இதற்கு அவர் உடனே விடை சொல்லவில்லை. சற்றுப் பொறுத்துத்தான் சொன்னார். பல ஆண்டுகளுக்கு முன்னால், கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டில், அவரிடம் கையாளாக இருந்த பையன் தண்ணீர் மோட்டாரை நகர்த்தப் போயிருக்கிறான். ஈரத் தரை, வெறுங்கால். மோட்டாரின் வயர் தற்காலிகமாக இழுத்தது; மூன்று முள் பிளக் இல்லை, இரண்டு கம்பிகளை நேராகப் பிளக் துளைகளில் செருகித் தீக்குச்சியால் இறுக்கியிருந்தார்கள். "பத்தொம்போது வயசு சார்." மின் அதிர்ச்சிக்கு முதலுதவி என்ன என்ற கேள்வி அந்தப் பக்கத்தின் கீழேயே இருந்தது. துணைமின் நிலையங்களில் உள்ளூர் மொழியில் மாட்டி வைக்க வேண்டும் என்று விதி சொல்லும் அந்தப் படத்தை அவரும் பார்த்திருக்கிறார், நானும் பார்த்திருக்கிறேன். அன்று அத்தோடு புத்தகத்தை மூடிவிட்டோம்.

2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றியும் பேச்சு வந்தது. அடையாறு புகுந்து முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணீர் வடிந்த பிறகு மூன்று வாரம் அவர் வீடு வீடாகப் போனார். சுவிட்ச்போர்டுகளைக் கழற்றி வெயிலில் வைத்து, சீரீஸ் லாம்பு போட்டுப் பார்த்து, எரியவில்லையென்றால் ஷார்ட் இல்லை என்று இணைப்பு கொடுத்தார். சில வீடுகளில் ஒரு மாதம் கழித்துச் சுவரே ஷாக் அடித்தது. சுவர் ஈரம் என்று சொல்லிவிட்டார்கள். புத்தகத்தில் மெக்கர் அதிகாரம் வந்தபோதுதான் அவருக்கு அந்தப் புதிர் விடுபட்டது. 500 வோல்ட் அழுத்தத்தில் காப்புத்தடை ஒரு மெக்ஓமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சீரீஸ் லாம்பு முழு ஷார்ட்டை மட்டும் காட்டும், மெல்லிய கசிவைக் காட்டாது. "இது தெரிஞ்சிருந்தா அன்னிக்கே வாடகைக்கு ஒரு மெக்கர் எடுத்திருப்பேன்" என்றார்.

காகிதத்தை நான் அதுவரை அவ்வளவாக மதித்ததில்லை. கை அறிந்ததைக் காகிதம் கேட்பது அதிகார மிடுக்கு என்றே எண்ணம். இப்போது அப்படி முழுக்கச் சொல்ல முடியவில்லை. அவருடைய கை இருபத்தாறு ஆண்டுகளில் ஏராளமாகக் கற்றிருந்தது. தவறு நேர்ந்த இடங்களில் மட்டும் கற்க வாய்ப்பில்லாமல் போயிற்று, ஏனென்றால் சுவருக்குள் பதிந்த தவறு செய்தவனுக்குத் தகவல் அனுப்புவதில்லை. அந்த இடைவெளியைத்தான் கேள்வித்தாள் நிரப்ப வேண்டும். எத்தனை ஓம், எத்தனை வாட் என்பதோடு நின்றுவிடாமல், பாறைமேல் வீடு, எர்த் தடை இறங்கவில்லை, என்ன செய்வாய் என்று கேட்கிற ஒரு கேள்வித்தாள். தமிழ் இலக்கியத் தேர்வுக்கும் அப்படியொன்றை எடுக்க எனக்கு ஆசைதான். பாடத்திட்டக் குழுவில் சொன்னால் சிரிப்பார்கள்.

தேர்வு முடிந்து சில மாதங்களில் சான்றிதழ் வந்துவிட்டது. கொண்டுவந்து காட்டினார், அவர் மனைவி கொடுத்தனுப்பிய கேசரியோடு. ஒப்பந்தக்காரருக்கு மகிழ்ச்சி. ஆனால் வேலைக்கு இவரைக் கூப்பிடவில்லை. சான்றிதழின் நகல் மட்டும் போதும், கோப்பில் சேர்த்துக்கொள்கிறோம், மாதம் ஏதாவது பார்த்துக் கொடுத்துவிடுகிறோம் என்றாராம். வேலையைச் செய்யப்போவது வேறு பையன்கள். இப்படி நடப்பது எனக்குச் செய்தியாக இருந்தது, அவருக்கு இல்லை.

"நகல் தர்றேன், ஆனா எர்த் குழியையும் மெயின் போர்டையும் நான்தான் செய்வேன், மெக்கர் போட்டுப் பார்க்காம சப்ளை குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன் சார்."

என்ன சொன்னார் அவர் என்று கேட்டேன்.

"யோசிச்சுச் சொல்றேன்னார். கட்டடம் மூணாவது மாடி ஏறிடுச்சு. இன்னும் கூப்பிடல."