பென்சிலுக்கு முன்னால்

எல்கேஜி சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நிற்கும் அம்மாக்களின் பேச்சு ஹோம்வொர்க் பக்கம் திரும்பிவிடும். "உங்க பொண்ணு எழுதுறாளா? இவன் ஸ்லீப்பிங் லைனையே கோணலாப் போடுறான்." ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன், ஸ்லான்டிங் லைன் என்று தொடங்கி, தீபாவளிக்குள் ஏபிசிடி முடிய வேண்டும், பொங்கலுக்குள் அ, ஆ. குழந்தைக்கு வயது மூன்றரை.

பல வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் என்பதால் எங்கள் தெருவில் இந்தக் கவலையெல்லாம் கடைசியில் என்னிடம்தான் வந்து சேரும். "எழுத உட்கார்ந்தாலே கை வலிக்குதுன்னு சாக்கு சொல்றான் டீச்சர்" என்றாள் எதிர்வீட்டு மருமகள். "சாக்கு இல்லம்மா, நெஜமாவே வலிக்கும்" என்றேன். அவள் நம்பவில்லை. மகனைக் கூப்பிட்டுக் கையில் பென்சிலைக் கொடுத்தேன். ஐந்து விரலாலும் இறுக்கிப் பிடித்தான். கோடு போடும்போது விரல்கள் அசையவில்லை, மணிக்கட்டும் அசையவில்லை; தோளிலிருந்து மொத்தக் கையும் நகர்ந்தது. அரைப் பக்கம் அப்படி எழுதினால் நமக்கும் வலிக்கும்.

கை வளர்வதற்கு ஒரு வரிசை உண்டு. பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், பெரியவர்களுக்கு இருக்கும் எட்டுச் சிறு எலும்புகளில் பெரும்பாலும் ஒன்றுகூடத் தெரியாது, எல்லாம் குருத்தெலும்பு. அவை ஒவ்வொன்றாகத்தான் கெட்டிப்படும். கடைசி எலும்பு எக்ஸ்ரேயில் தலைகாட்ட எட்டு வயதுக்கு மேலும் ஆகலாம். பிடிமானமும் அப்படித்தான். ஒன்பது, பத்து மாதத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து தரையில் கிடக்கும் பொரியைப் பொறுக்கும். பென்சிலை முதலில் முழு முஷ்டியால் பிடிக்கும். மூன்று விரலில் பிடித்து, அந்த விரல்களை மட்டும் அசைத்து எழுதும் பக்குவம் வர நாலரை முதல் ஆறு வயது வரை ஆகும்.

கண்ணுக்கும் கைக்கும் உள்ள ஒப்பந்தமும் இதேபோல மெதுவாகத்தான் எழுதப்படுகிறது. பார்த்துப் போடச் சொன்னால் மூன்று வயதில் வட்டம் வரும், நான்கில் கூட்டல் குறி, ஐந்தை ஒட்டிச் சதுரம், அதன் பிறகு முக்கோணம். சாய்சதுரம் ஒழுங்காக வர ஆறு, ஏழு வயது ஆகிவிடும். நான்கு வயதுக் குழந்தைக்குச் சாய்சதுரம் தெரியாமல் இல்லை. வட்டத்தோடு சேர்த்து வைத்தால் சரியாகப் பிரித்துக் காட்டும். கண்டுகொள்வது வேறு, கண்டதைக் கையால் திருப்பிப் போடுவது வேறு.

இப்போது நம் 'அ'வைப் பாருங்கள். சுழி, வளைவு, படுக்கைக் கோடு, செங்குத்துக் கோடு நான்கும் ஒரே எழுத்தில் இருக்கின்றன. தொல்காப்பியர் அகரம் முதல் னகரம் வரை முப்பது எழுத்தை அடுக்கியபோது கணக்கில் வைத்தது ஒலியை. க-வில் தொடங்கி ப-வுக்கு வரும்போது ஒலி பிறக்கும் இடம் தொண்டைப் பக்கத்திலிருந்து உதட்டுக்கு வந்துவிடுகிறது. வாய்க்கு இதைவிட நல்ல வரிசை கிடையாது. ஆனால் கைக்கு அது வரிசையே அல்ல. அனுபவப்பட்ட ஆசிரியர்கள் அ, ஆ-வை வாயால் சொல்ல வைத்துவிட்டு, எழுத ட, ப, ம-வில் தொடங்குவது இதனால்தான். கீழே ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கோடு: ட. அதையே மேலே தூக்கினால் ப. உள்ளே ஒரு வளைவு வளைத்தால் ம. மேலே ஒரு புள்ளி வைத்தால் 'படம்' என்று ஒரு சொல்லே கிடைத்துவிடும்.

கண் பார்வை நன்றாக இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். பார்ப்பதற்குள்ளேயே பல வேலைகள் இருக்கின்றன. 1960களில் மேரியன் ஃப்ராஸ்டிக் என்ற உளவியலாளர் அதை ஐந்தாகப் பிரித்துச் சோதனை வகுத்தார். கண்ணும் கையும் இணைந்து போவது ஒன்று. நெரிசலிலிருந்து ஒன்றைத் தனியே பிரித்துக் காண்பது இரண்டு. முறத்தில் பரப்பிய பருப்பில் கல் பொறுக்குவது இந்த வேலைதான். அளவும் இடமும் மாறினாலும் உருவம் ஒன்றே என்று அறிவது மூன்று. புத்தகத்தில் படித்த 'ம'வைப் பேருந்துப் பலகையில் அடையாளம் காண்பது. எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அறிவது நான்கு. ஒன்றுக்கொன்று எங்கே இருக்கிறது என்று அறிவது ஐந்து. கோலப்புள்ளியை எண்ணி இழுப்பவருக்கு இது அத்துப்படி. தமிழ் எழுத இந்த ஐந்தும் வேண்டும். ல-வும் ள-வும், ன-வும் ண-வும் ஓரிரு வளைவில் மாறுகின்றன. 'கொ' என்பதில் க-வுக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். ஒலி ஒன்று, உருவம் மூன்று துண்டு. 'கா'வுக்குக் கொம்பு போட்டு வருகிற பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்வது அநியாயம்.

நம் ஊர்த் திண்ணைப் பள்ளிகளில் எழுத்து மணலில் தொடங்கியது. சென்னை எழும்பூரில் ராணுவ அனாதைச் சிறுவர் இல்லத்தைக் கவனித்துவந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து விரலால் மணலில் எழுதுவதைப் பார்த்து, தன் இல்லத்திலும் அதைக் கொண்டுவந்தார். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குச் சொல்லித்தரும் முறையையும் சேர்த்து 1797-இல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். அது 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்றது; இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளும் மணல் பரப்பிய தட்டில் எழுதினார்கள். 1939-இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மரியா மாண்டிசோரியும், உப்புத்தாளில் வெட்டிய எழுத்தின்மேல் குழந்தையின் விரலை ஓட விடுவதையே எழுதுவதற்கு முந்தைய படியாக வைத்திருந்தார். மணலில் பென்சில் பிடிக்கும் சுமை இல்லை. எழுத்தின் போக்கு விரல் நுனியில் தெரிகிறது. தப்பாகப் போனால் தடவிவிட்டால் போச்சு. நோட்டில் சிவப்பு மை விழுவதில்லை.

திண்ணைப் பள்ளியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. அதன் பிரம்பும் வேண்டாம், எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் உள்ளே விடாத அதன் வாசலும் வேண்டாம். மணலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

எதிர்வீட்டுப் பையனுக்குப் பல்லாங்குழியை எடுத்துக் கொடுத்தேன். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. ஜெயிப்பது தோற்பது எல்லாம் அப்புறம். முதலில் ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும், அவ்வளவுதான். இந்த இடத்தில் கையை உற்றுப் பார்க்க வேண்டும். சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கி மிச்சக் கொட்டைகளைப் பிடித்துக்கொள்ள, கட்டைவிரல் உள்ளங்கையிலிருந்து ஒரே ஒரு கொட்டையை விரல் நுனிக்குத் தள்ளுகிறது. இரண்டு விரல் அசையாமல் இருக்க, மூன்று விரல் வேலை செய்கிறது. பென்சில் பிடிப்பதும் இதே பங்கீடுதான். முதலில் எல்லாக் கொட்டையும் ஒரே குழியில் கொட்டியது. இன்னொரு கையால் பொறுக்கி எடுத்துப் போட்டான். பிறகு மெல்ல மெல்லக் கட்டைவிரல் வழிக்கு வந்தது. அவன் அம்மா நோட்டை எடுத்து வைத்துவிட்டுச் சப்பாத்தி மாவைக் கிள்ளிக் கொடுத்தாள். பட்டாணி உரிக்கவும் சட்டைப் பொத்தானைத் தானே போடவும் விட்டாள். அவசரமான காலை நேரத்தில் பொத்தானுக்காகக் காத்திருப்பது பெரிய பொறுமைதான்.

இரண்டு எச்சரிக்கை சொல்ல வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை கையில் கொட்டையும் மணியும் கொடுக்கக் கூடாது. வாய்க்கோ மூக்குக்கோ போய்விடும். பெரிய பிள்ளையானாலும் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். அடுத்தது, எல்லாம் தானாக வரும் என்று காத்திருப்பதும் தப்பு. ஆறு வயதாகியும் பொத்தான் போட வராமல், கத்தரிக்கோல் பிடிக்க வராமல், எழுத்துக் கலந்தே போய்க்கொண்டிருந்தால் முதலில் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பிறகு ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் காட்டுங்கள். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில், வளர்ச்சியில் பின்தங்கும் பிள்ளைகளுக்காகவே மாவட்ட அளவில் அரசு மையங்கள் வந்திருக்கின்றன. அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இடது கைப் பழக்கம் கோளாறு அல்ல. அதை மாற்றப் பார்க்காதீர்கள்.

அடுத்த முறை எல்கேஜி அட்மிஷனுக்குப் போகும்போது, "எப்போ எழுத ஆரம்பிப்பீங்க?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பல பள்ளிகள் மூன்றரை வயதில் பென்சிலைத் திணிக்கின்றன. "களிமண் இருக்கா, மணல் இருக்கா, பிள்ளைங்க கைக்கு நாள் பூரா என்ன வேலை?" என்று கேளுங்கள். பத்துப் பெற்றோர் சேர்ந்து கேட்டால் பள்ளிக்கூடம் மாறும்.