நாணல் தண்டினுள் ஒரு தொட்டில்

திருநெல்வேலிச் சீமையில், கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணிமுத்தாற்று அணையைக் கடந்து ஏறும் மலைப்பாதை, மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு என வளைந்து வளைந்து செல்கிறது. அடிவாரத்து வெயிலில் வியர்த்துப் புறப்படுபவர், மேலே சென்றதும் மூடுபனியில் நடுங்குகிறார். தேயிலைச் செடிகளைச் சூழ்ந்து நிற்பது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் மழைக்காடு.

இக்காட்டில் புலியைத் தேடும் கண்களுக்குத் தப்பிவிடும் குடிமகன் ஒருவன் உண்டு. பெருவிரலின் முதற்கணு அளவே உள்ள பச்சை நிறப் புதர்த்தவளை அது. 'ராவோர்கெஸ்டஸ் சலாசோடஸ்' என்பது அறிவியலார் இட்ட பெயர். இலண்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் குந்தர் 1876-இல் இதனை உலகிற்கு அறிமுகம் செய்தார். பின்னர் நூறாண்டுகளுக்கும் மேலாக இதனைக் கண்டவர் எவருமிலர். மீண்டும் கண்டறியப்பட்ட செய்தி 2011-இல்தான் வெளியாயிற்று.

இத்தவளையின் இல்லம் யாது? மலையாள நாட்டார் 'ஈற்ற' என வழங்கும் நாணல்மூங்கிலே. அதன் தண்டில் சிற்றுயிர்களால் ஏற்படும் சிறு பிளவு வழியே, உடலை ஒடுக்கி உள்ளே நுழைகிறது ஆண் தவளை. கணுக்களுக்கிடையே உள்ள வெற்றிடம் அதற்கு மாளிகை. அங்கிருந்தே துணையை அழைக்கிறது. பெண் தவளை வந்து சில முட்டைகளை இட்டுச் செல்கிறது. குளமும் வேண்டா, குட்டையும் வேண்டா. தலைப்பிரட்டைப் பருவமேயின்றி, முட்டையினின்று குட்டித் தவளையே நேராக வெளிவருகிறது!

அதுவரை காவல் காப்பவர் யார்? தந்தையே. ஆய்வாளர் சேஷாத்ரியும் அவர்தம் குழுவினரும் இவ்வாழ்க்கை முறையை 2014-இல் வெளியிட்டனர். தந்தையை அகற்றிப் பார்த்தபோது முட்டைகள் பெரிதும் அழிந்தன. அவற்றைத் தின்றவற்றுள் அதே இனத்தின் பிற ஆண் தவளைகளும் இருந்தன. காவலின் அருமை அங்கே புலனாயிற்று.

ஆனால் தந்தையாலும் தடுக்கவியலாத பகை ஒன்றுண்டு, அது வெட்டரிவாள். கூடையும் பாயும் முடைவதற்கும், காகிதக் கூழ் செய்வதற்கும் நாணல்மூங்கில் வெட்டப்படுகிறது. கூடை முடைவோரின் பிழைப்பும் பழிக்கத்தக்கதன்று. எனினும் முட்டையிடும் காலத்தில் புதர்களை அடியோடு வெட்டினால், தொட்டிலும் பிள்ளையும் ஒருங்கே சாயும். பருவமறிந்து, அளவறிந்து வெட்டுவதே இருவருக்கும் வாழ்வளிக்கும்.

அன்பு வாசகரே, அம்மலைப்பாதையில் என்றேனும் பயணம் செய்ய நேர்ந்தால், வழியோர நாணற்புதர் அருகே சற்று நில்லுங்கள். ஆளரவமற்ற அத்தண்டினுள் ஒரு தந்தை விழித்திருக்கக்கூடும்.