எல்லோரும் உட்கார்ந்த பிறகு

செங்கல்பட்டுப் பக்கம் இரவுச் சாப்பாட்டு நேரத்தை ஷிப்டுதான் தீர்மானிக்கிறது. மறைமலை நகர் தொழிற்சாலையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர் ஒரு நேரம், சென்னையில் வேலை முடித்து மின்சார ரயிலில் வந்து இறங்குகிறவர் ஒரு நேரம். டியூஷன் விட்டு வந்த பிள்ளைக்கோ அதற்கு முன்பே பசி. மாமல்லபுரத்துக் குப்பங்களில், விடியுமுன் கடலுக்குப் போக வேண்டியவர் பொழுது சாய்ந்ததும் சாப்பிட்டுப் படுத்துவிடுகிறார். யார் மீதும் குற்றமில்லை. பிழைப்பு அப்படி.

ஆனால் இதே கடற்கரையில் மாசி மாதப் பௌர்ணமிக்கு இருளர் பழங்குடிக் குடும்பங்கள் கூடுவதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று விளங்கும். செங்கல் சூளை, அரிசி ஆலை, வயல்வேலை என்று ஆண்டு முழுவதும் பல மாவட்டங்களில் சிதறிக் கிடப்பவர்கள், மாசி மகத்துக்கு மாமல்லபுரம் வந்துவிடுகிறார்கள். புடவையை மறைப்பாகக் கட்டி மணலிலேயே அடுப்பு மூட்டிச் சமைக்கிறார்கள், சொந்தபந்தத்தோடு சாப்பிடுகிறார்கள், அங்கேயே படுக்கிறார்கள். விடிந்ததும் கன்னியம்மனுக்குப் பூஜை, கல்யாணம், காதுகுத்து. பெண் பார்ப்பதும் பேசி முடிப்பதும்கூட அந்தக் கூட்டத்தில்தான். ஓய்வு மிகக் குறைந்த மக்கள் அவர்கள். ஓய்வு கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் ஒருநாளும் சேர்ந்திருக்க முடியாது. நாள் குறிப்பதை நிலவிடம் ஒப்படைத்துவிட்டு, அந்த நாளைத் தப்பவிடாமல் காக்கிறார்கள்.

வீட்டுச் சாப்பாட்டுக்கும் அப்படி ஒரு பிடிவாதம் வேண்டும் என்று நினைக்கிறேன். சேர்ந்து சாப்பிடும்போதுதான் கேட்காமலே சேதி வெளியே வருகிறது. "ஸ்கூல்ல என்ன நடந்தது?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிற பிள்ளை, சங்கரா மீனில் முள் எடுத்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்து பெஞ்சுப் பையன் ஒரு வாரமாக வரவில்லை என்று தானாகச் சொல்கிறான். ரசத்துக்குக் குழி செய்தபடியே அப்பா, அடுத்த மாதம் ஓவர்டைம் கிடையாது என்கிறார். கை வேலையாக இருக்கும்போது வாய்க்குக் கூச்சம் குறைந்துவிடுகிறது.

ஒன்றை மட்டும் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். நாலு பேர் உட்கார்ந்து ஒருவர் நின்று பரிமாறினால் அது சேர்ந்து சாப்பிடுவதாகாது. குழம்பைத் திரும்பத் திரும்பச் சுடவைத்து, எல்லோரும் எழுந்த பிறகு அடுப்படியில் தனியாக, மீந்ததைப் போட்டுக்கொண்டு சாப்பிடும் அம்மாவுக்கும் அன்றைக்கு நடந்தது ஏதாவது இருக்கும். அதை அவர் யாரிடம் சொல்வார்? சோறு, குழம்பு, பொரியல், தண்ணீர்ச் சொம்பு எல்லாவற்றையும் நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டால், வேண்டியதை அவரவரே போட்டுக்கொள்ளலாம். அம்மா உட்காரலாம்.

தினமும் முடியாத வீடுகள் நிறைய. வாரத்தில் ஒரு ராத்திரியை முடிவு செய்யுங்கள். கடைசியாக வருகிறவரின் நேரமே அன்றைக்குச் சாப்பாட்டு நேரம். சின்னப் பிள்ளைக்கு ஆறு மணிக்கே இரண்டு இட்லி கொடுத்துவிடலாம். டிவி அணைந்திருக்கட்டும், போன் வேறு அறையில் இருக்கட்டும். சமைத்தவர் தட்டில் சோறு விழுந்த பிறகே மற்றவர்கள் கை வைக்கட்டும். இந்த ஒரு வழக்கத்தைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, வீட்டில் யாரும் யாருக்கும் வேலையாள் இல்லை என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.