அந்தியூரில் பார்த்த குதிரைக்குட்டி

எங்கள் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து மேட்டுப்பாளையம், சத்தியமங்கலம், கோபி என்று பஸ் மாறிப் போனால் அந்தியூர். ஆடியில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தைக்குப் போயிருந்தோம். மார்வாரி, கத்தியவார் குதிரைகளைச் சுற்றி ஒரே கூட்டம். என் கண் போனதோ, தாயை ஒட்டி நின்ற மூன்று மாதக் குட்டியிடம்.

"பொழைக்காதுன்னு நெனச்சதுங்க அம்மிணி" என்றார் சொந்தக்காரப் பெரியவர். ஈனுவதற்கு இரண்டு நாள் முன்பே தாய்க்குப் பால் சொட்டி, சீம்பால் அத்தனையும் மண்ணுக்குப் போய்விட்டதாம்.

நம் குழந்தைக்கு நோய் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கு வயிற்றிலேயே கிடைத்துவிடும். குதிரையின் நஞ்சுக்கொடி அதைக் கடத்தாது. குட்டிக்குச் சீம்பால்தான் கதி. அதுவும் முதல் சில மணி நேரத்துக்குள் குடிக்க வேண்டும். 24 மணி நேரம் ஆனால் குடல் ஏற்காது. பிறந்து 1 மணியில் குட்டி எழணும், 2 மணியில் குடிக்கணும், 3 மணிக்குள் தாய்க்கு இளங்கொடி விழணும் என்பது குதிரைக்காரர் கணக்கு.

இதுவும் எழுந்தது, குடித்தது. ஆனால் குடித்தது வெறும் பால்! மறுநாளே துவண்டு படுத்துவிட்டது. கால்நடை டாக்டர் ரத்தத்தைச் சோதித்து, வேறு குதிரையின் ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவை நரம்பில் ஏற்றினாராம். அப்புறம் தொப்புளுக்கு மருந்து, தினம் புது வைக்கோல். கை கழுவாமல் யாரும் தொடக்கூடாது. "பேரனையே கிட்ட விடலீங்க" என்று சிரித்தார்.

மாட்டுக்கன்றுக்கும் இதே கதைதானாம். இப்போதெல்லாம் பக்கத்துத் தோட்டத்தில் சீம்பால் கொடுத்தால், "கன்னுக்குட்டி வயிறு நெறயக் குடிச்சுதுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிண்ணத்தை நீட்டுகிறேன்.